ஏழு வயசு தோட்டத்து நாய்க்கு கேஜ் பழக்குன கதை

வளந்த நாய்க்கு கேஜ் பழக்க முடியாது, அதெல்லாம் குட்டியிலயே செஞ்சிருக்கணும்னு எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. எங்க டைகருக்கு ஏழு வயசுக்கு மேல இருக்கும். பொறந்ததுல இருந்து செம்பனைத் தோட்டத்துல அவுத்துவிட்டு வளந்த நாய், கழுத்துல கயிறு கூட ஏறுனதில்ல, அதுவே இப்ப காலையில நாங்க பசியாறி முடிக்கிறதுக்குள்ள தானாப் போயி கேஜுக்குள்ள சுருண்டுக்கிற அளவுக்கு பழகிருச்சு. அதனால முடியும். ஆனா குட்டிக்கு பழக்குற மாதிரி நெனச்சு எறங்குனா முடியாது. குட்டிக்கு கேஜ் ஒரு புது சாமான், அவ்ளோதான். வளந்த நாய் கூண்ட பத்தி ஏற்கனவே ஒரு முடிவுக்கு வந்திருக்கும், அந்த முடிவ மாத்துறதுதான் வேலையே, கதவ சாத்துறதெல்லாம் கடைசியில வர்ற சின்ன விசயம்.

நாங்க இருக்கிறது பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்க இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைன்னுதான் சொல்லுவாங்க, மலேசியாவுல கோல சிலாங்கூர் பக்கம். அம்மா தோட்டத்து வேலைய விட்டதும் தோட்டத்துல குடுத்த லயத்து வீட்ட ஒப்படைச்சிட்டு தாமான்ல, அதான் வீடமைப்புப் பகுதியில, ஒரு வரிசை வீட்டுக்கு வந்துட்டோம். லயத்துல நாய யாரும் "வளக்கிறது" இல்ல, அது நம்ம கூட இருக்கும், அவ்ளோதான். விடிகாலை பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற எடத்துக்கு, அம்மா கெளம்பும்போது டைகரும் கெளம்பிரும், மத்தியானம் அம்மா கூடவே திரும்பி வரும், நடுவுல எங்க சுத்துச்சு என்ன தின்னுச்சுன்னு யாருக்கும் தெரியாது. வரி வரியா இருந்ததால டைகர்னு பேரு, வேற ஒன்னும் விசேசம் இல்ல.

தாமான்ல அந்தக் கதை நடக்காது. கேட்ட தெறந்தா ரெண்டு எட்டுல ரோடு. இந்தப் பக்கத்து வீட்ல ஒரு மக்சிக், அதான் வயசான மலாய்க்கார அம்மா, சின்ன சின்ன பேரப்பிள்ளைங்க, நல்ல மனுசி, தீபாவளிக்கு முறுக்கு குடுத்தா நோன்புப் பெருநாளைக்கு மூங்கில்ல வேகவச்ச லெமாங் சோறு வரும். ஆனா நாயோட ஈர மூக்கு ஒரு தடவ கால்ல பட்டாக் கூட அவங்க மார்க்கப்படி ஏழு தடவ கழுவணும், அதுல ஒரு தடவ மண்ணு கலந்த தண்ணி. நம்ம நாய்க்காக வயசான மனுசி எதுக்கு அந்த சிரமத்தப் படணும்? அது போக கேஸ் தோங் (சிலிண்டர்) கொண்டு வர்ற ஆளு, புல்லு வெட்ட வர்ற ஆளு, மக கூட ட்யூசன் படிக்க வர்ற பிள்ளைங்கன்னு நாள் முழுக்க கேட்டு தெறந்து மூடும். நாய்க்கு லைசன்சும் எடுக்கணும், இடத்துக்கு இடம் கட்டணமும் ஒரு வீட்ல எத்தனை நாய் வச்சிக்கலாங்கிற கணக்கும் மாறும், லைசன்ஸ் இருந்தாலும் ரோட்ல தனியா சுத்துனா பிடிச்சிட்டுப் போயிருவாங்க.

அப்ப என்ன செய்யலாம், ஒன்னு சங்கிலி, இல்லன்னா கேஜ். அம்மா சங்கிலி கட்சி. "ஏன்டா தம்பி, பைரவரோட வாகனம்டா அது, கூண்டுல அடைக்கிறியே, பாவம் வராதா, வாசல்ல ஒரு சங்கிலிய போட்டு கட்டு, காத்தோட்டமா கெடக்கட்டும்"னாங்க. இது அம்மா மட்டும் இல்ல, நம்ம ஆளுங்க நெறைய பேரு இப்படித்தான். சங்கிலி கண்ணுக்கு கொடுமையா தெரியாது, கூண்டு தெரியும். எனக்கு இதுல உடன்பாடே இல்ல. நாள் முழுக்க சங்கிலியில கெடக்குற நாய் கழுத்து புண்ணாகும், தூண சுத்தி மாட்டிக்கும், தண்ணித் தட்ட கவுத்துட்டு வெயில்ல நாக்கு தள்ளும், போற வர்ற ஆளு மோட்டாரு பூனை எல்லாத்தையும் பாத்து பாய்ஞ்சு பாய்ஞ்சு கடைசியில கடிக்கிற நாயா மாறிரும். எங்க தாமான்லயே கடிச்ச நாய்ங்க எல்லாம் கட்டிப்போட்ட நாய்ங்கதான். அதுக்காக காலையில ஏழு மணிக்கு கேஜ்ல தள்ளி சாயந்தரம் வேலை முடிஞ்சு வந்து தெறந்துவிடுறதும் அதே சங்கிலிதான், கம்பி மட்டும்தான் வேற. கேஜ்ங்கிறது நாய் தூங்குறதுக்கு, நமக்கு கொஞ்ச நேரம் கேட்டு தெறக்கணும்னா அது பத்திரமா இருக்கிறதுக்கு. மத்த நேரம் அது வீட்டுக்குள்ள நடமாடணும், ரெண்டு வேளை நடக்கப் போவணும்.

இப்ப டைகரோட பழைய கதைக்கு வர்றேன். தோட்டத்துல காட்டுப்பன்னி தொல்லைக்கு ஆளுங்க இரும்புக் கூண்டு வைப்பாங்க, உள்ள மரவள்ளி, பழுத்த செம்பனைப் பழம்னு எதையாவது போட்டு, மிதிச்சா மேல இருந்து கதவு விழும். டைகர் சின்ன வயசுல ஒரு தடவ அதுல போயி மாட்டிக்கிச்சு. ராத்திரி முழுக்க உள்ளயே கெடந்து காலையில பெரட்டுக்கு போன ஆளுங்க பாத்து தூக்கிவிட்டாங்க, மூக்கெல்லாம் உரிஞ்சு போயி வந்துச்சு. அதுக்கப்புறம் இரும்பு மேல இரும்பு விழுற சத்தம் கேட்டா போதும், கேஸ் தோங்க லோரில இருந்து எறக்குற சத்தம் கூட, வால உள்ள விட்டுக்கிட்டு அம்மா கட்டிலுக்கு அடியில போயி படுத்துக்கும். இப்படிப்பட்ட நாய்க்கு முன்னால ஒரு கம்பிக் கூண்ட கொண்டாந்து வச்சா என்ன நெனைக்கும்னு நீங்களே சொல்லுங்க. உங்க நாய்க்கும் எதாவது இருக்கும், நாய் பிடிக்கிற வண்டி, பழைய மொதலாளி அடைச்சு வச்சது, எதாவது ஒன்னு. தெருவுல இருந்து எடுத்து வளத்த நாயா இருந்தா கண்டிப்பா இருக்கும்னே வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறது நல்லது.

கேஜ் வாங்குறதுல ரொம்ப யோசிக்க வேணாம். நாய் தல நிமுந்து நிக்கணும், சுத்தித் திரும்பணும், கால நீட்டி ஒருக்களிச்சுப் படுக்கணும், இது மூனும் முடிஞ்சா சைஸ் சரி. மூக்குல இருந்து வால் ஆரம்பிக்கிற எடம் வரைக்கும் அளந்து அதுக்கு மேல ஒரு சாண் சேத்துக்கிட்டா போதும். டைகர் நடுத்தரமான நாய், 36 இஞ்ச் கேஜ் சரியா இருந்துச்சு. பிளேன்ல கொண்டு போற பிளாஸ்டிக் பெட்டி பாக்க அழகா இருக்கும், ஆனா நம்ம ஊரு சூட்டுக்கு ஆகாது, ஏர்கோன் ரூம்ல வச்சா சரி. நாய்க்கு நம்ம மாதிரி ஒடம்பெல்லாம் வேர்க்காது, நாக்க தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்ட எறக்கும், காத்து ஓடாத எடத்துல அது சரியா வேலை செய்யாது. நாயோட ஒடம்பு சூடு சாதாரணமாவே 38ல இருந்து 39 டிகிரி, 41ஐ தாண்டுனா உசுருக்கே ஆபத்து. அதனால நாலு பக்கமும் கம்பி வச்சதா பாத்து வாங்குங்க, தகரக் கூரை போட்ட போர்ச்சுல வைக்காதீங்க, நடு ஹால்ல காத்தாடி அடிக்கிற எடத்துல, ஒரு பக்கம் சொவரு இருக்கிற மாதிரி வைங்க. பின்னால அடுப்படியில கொண்டு போயி வைக்கிற ஆளுங்க இருக்காங்க, நாய் நம்மளோட இருக்கணும்னு நெனைக்கிற ஜீவன், தனியா ஒதுக்கி வச்சா கேஜே அதுக்கு தண்டனை மாதிரி ஆயிரும்.

கேஜ் வந்த அன்னிக்கு நான் செஞ்ச மொத வேலை கதவக் கழட்டுனதுதான். நெறைய கம்பிக் கேஜ்ல கதவ மேல தூக்குனா கொக்கியில இருந்து வந்துரும், வரலன்னா கேபிள் டைய வச்சு பக்கத்துல இறுக்கிக் கட்டிருங்க. கதவு தெறந்திருந்தா பத்தாது, அது ஆடக்கூடாது, நாயோட முதுகுல பட்டு தானா சாத்திக்கவே கூடாது. உள்ள இருக்கிற பிளாஸ்டிக் தட்டு அடுத்த வில்லன். நகம் பட்டதும் கரகரன்னு சத்தம், தட்டு கம்பியில மோதி டங்குனு ஒரு அதிர்வு. அதுக்கு பழைய கார் ரப்பர் மேட் ஒன்ன அளவா வெட்டி தட்டுக்கு அடியில போட்டேன், மேல அம்மாவோட பழைய சாரோங். வாடைக்கு. புது மெத்தை வாங்கிப் போட்டா அதுல கடை வாடைதான் வரும்.

அப்புறம் சோறு. தட்ட கேஜுக்கு வெளிய, கொஞ்சம் தள்ளி வச்சு ஆரம்பிச்சேன். டைகர் சாப்புடும்போது காதப் பாத்துக்கிட்டே இருப்பேன், காது பின்னால ஒட்டியிருந்தா இன்னும் பயம், சாதாரணமா தொங்குனா மறுநாள் தட்டு ஒரு சாண் உள்ள நகரும். வாசக்கம்பி வரைக்கும் ஒன்னும் பிரச்சனை இல்ல. வாசலத் தாண்டி தட்ட வச்ச அன்னிக்குதான் பாக்கணும். பின்னங்கால் ரெண்டும் வெளிய ஊனிக்கிட்டு, ஒடம்ப ரப்பர் மாதிரி இழுத்து, கழுத்த மட்டும் உள்ள விட்டு, ஒரு வாய் அள்ளிக்கிட்டு சரக்குனு பின்னால வந்து வெளிய நின்னு மெல்லும். முழுங்கிட்டு எங்களப் பாக்கும். திரும்ப ஒரு நீட்டு, ஒரு வாய், பின்னால. தட்டு காலியாவுற வரைக்கும் இதே கூத்து. மக சிரிச்சா, நான் சிரிக்காதன்னு சொன்னேன், ஏன்னா அந்த நேரத்துல அது தானா முடிவெடுத்துக்கிட்டு இருக்கு, நாம சத்தம் போட்டு பாராட்டுனாக் கூட கெட்டுரும். இந்த எடத்துலதான் நெறைய பேரு அவசரப்பட்டு பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளிருவாங்க. தள்ளவே தள்ளாதீங்க. ஒரு தடவ தள்ளிட்டா அதுக்கப்புறம் நாய் உங்க கையையும் சேத்து நம்பாது.

ஒரு நாள் மழை, வெளிய போவ முடியாம டைகர் முழுசா உள்ள போயி நின்னு சாப்புட்டுச்சு, பின்னங்கால் உட்பட. எப்ப உள்ள போச்சுன்னு நாங்க யாருமே கவனிக்கல.

தீனிய பத்தி ஒரு வார்த்தை. கேஜுக்கு தனியா ஒரு நல்ல தீனி இருக்கணும், வேற எங்கயும் கெடைக்காத தீனி. நாங்க கோழி ஈரல அவிச்சு சின்னச் சின்னதா வெட்டி வச்சுக்குவோம், உப்பு போவ ஊறவச்ச நெத்திலியும் ஓடும். ஈரல அளவா குடுங்க, தெனமும் அள்ளி அள்ளி குடுக்குற சாமான் இல்ல. கறிக்கொழம்பு சோறு வேணாம், வெங்காயமும் பூண்டும் நாயோட ரத்தத்துக்கு ஆகாது, தோட்டத்துல எல்லா நாயும் அதத்தானே தின்னுச்சுன்னு அம்மா இன்னும் கேக்குறாங்க, பதில் சொல்லி சொல்லி ஓஞ்சுட்டேன். அவிச்ச கோழி எலும்பும் வேணாம், கூர்கூரா ஒடையும்.

கதவ திரும்ப மாட்டுறதுக்கு முன்னால சத்தத்துக்கு ஒரு வழி பண்ண வேண்டியிருந்துச்சு. இது டைகருக்காக நானே யோசிச்சு செஞ்சது, ஆனா இரும்புச் சத்தத்துக்கு பயப்படுற எந்த நாய்க்கும் ஒத்து வரும்னு நெனைக்கிறேன். கழட்டுன கதவ கையில எடுத்துக்கிட்டு சமையக்கட்டுல நின்னு, தாழ்ப்பாள துணியில சுத்தி, மெதுவா ஒரு டக். ஒடனே ஹால்ல இருக்கிற டைகருக்கு ஒரு துண்டு ஈரல், வீட்டுக்காரி குடுப்பா. டக், ஈரல். அவ்ளோதான். நாள் போவப் போவ துணிய எடுத்துட்டேன், கிட்ட வந்தேன், கடைசியில டைகருக்கு பக்கத்துலயே உக்காந்து டக்குன்னு அடிச்சா அது என் கையப் பாக்காம வீட்டுக்காரி கையப் பாத்துச்சு. இப்ப அந்த சத்தத்துக்கு அர்த்தமே வேற. அதுக்கப்புறம்தான் கதவு கேஜுல ஏறுச்சு.

கதவ சாத்துறது எப்படின்னா, சோறு தின்னுக்கிட்டு இருக்கும்போது சாத்தணும், தின்னு முடிக்கிறதுக்கு முன்னாலயே தெறந்துரணும். அது நிமுந்து பாக்கும்போது கதவு தெறந்திருக்கணும். அப்புறம் தின்னு முடிச்சு கொஞ்ச நேரம், அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம், நாம பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு. அப்புறம் நாம எழுந்து அடுப்படிக்கு போயி தண்ணி குடிச்சிட்டு வர்ற அளவு. நேரத்த எப்பவும் ஏத்திக்கிட்டே போவாதீங்க, நாயும் கணக்கு போடும், ஒவ்வொரு தடவையும் கூடிக்கிட்டே போனா அதுக்கு புரிஞ்சு போயிரும். ஒரு நாள் கூட, மறுநாள் ரொம்ப கம்மி, இப்படி கலந்து விடணும்.

இந்தக் கட்டத்துல எங்கள தூக்கிவிட்டது யாருன்னு பாத்தா, கேஜே வேணாம்னு நின்ன அம்மாதான். சாயந்தரம் சீரியல் பாக்க அம்மா ஹால்ல ஒரு பிளாஸ்டிக் நாக்காலிய கேஜுக்கு பக்கத்துல போட்டு உக்காந்துக்குவாங்க, மடியில மொறம், முருங்கைக்கீரை ஆய்வாங்க. டைகர் பொறந்ததுல இருந்து அம்மா பக்கத்துல படுத்துப் பழகுன நாய், அம்மா காலுக்கு பக்கத்துல ஒரே மெத்துனு இருக்கிற எடம் கேஜுக்குள்ளதான். போயி படுத்துக்கிச்சு. அம்மா டிவிய பாத்துக்கிட்டே கம்பிக்குள்ள விரல விட்டு நெத்திய தடவுவாங்க, கதவு தெறந்திருக்கா மூடியிருக்கான்னு ரெண்டு பேருமே கண்டுக்க மாட்டாங்க. நான் காசு குடுத்து ட்ரெயினர வச்சிருந்தாலும் இது நடந்திருக்காது லா.

அழுவுறத பத்தி எல்லாரும் கேப்பாங்க. அழுதா தெறக்கக்கூடாது, தெறந்தா அழுதே காரியம் சாதிக்க கத்துக்கும்னு ஒரு பேச்சு உண்டு. பாதி சரி. என் கணக்கு என்னன்னா அழுவ மூனு வகை. ஒன்னு மொனகல், "என்ன, இன்னும் தெறக்கலியா"ன்னு, படுத்துக்கிட்டே மொனகும், அதுக்கு நாம திரும்பிப் பாக்காம இருந்தா மூச்சு விட ஒரு எடம் குடுக்கும், அந்த எடத்துல தெறங்க, அடுத்த தடவ நேரத்த கொறைங்க. ரெண்டாவது, நல்லா தூங்கிக்கிட்டு இருந்த நாய் எழுந்து நின்னு ஒரு மாதிரி கத்தும், அது ஒன்னுக்குப் போவ, ஒடனே வெளிய கூட்டிட்டுப் போங்க, முடிஞ்சதும் வெளையாடாம திரும்ப உள்ள. மூனாவது பயம். எச்சி ஒழுகும், பாதம் ஈரமாயிரும், தட்ட பறண்டும், கம்பிய கடிக்கும், கண்ணு வெள்ளை தெரியும். இதுக்கு பொறுத்துப் பாக்குறேன்னு நின்னா நாய கெடுக்குறீங்க. ஒடனே தெறங்க.

மூனாவது வகை நாய் ஒன்ன நேர்ல பாத்திருக்கேன், எனக்கு தெரிஞ்ச ஒருத்தரோட நாய், வீட்ல ஆளு இருந்தா கேஜுக்குள்ள ராஜா மாதிரி கெடக்கும், ஆளு வெளிய போனா கம்பிய கடிச்சே கோரப்பல்ல ஒடச்சிக்கிச்சு. கேஜ் அந்த நாய்க்கு பிரச்சனையே இல்ல, தனியா இருக்கிறதுதான் பிரச்சனை, கேஜுல அடைச்சதும் அது நூறு மடங்காயிருச்சு. அந்த மாதிரி நாய்க்கு கேஜ் மருந்து இல்ல. தனியா விடுறதையே மொதல்ல நிமிச நிமிசமா பழக்கணும், டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா தேவைப்பட்டா மருந்தும் குடுப்பாங்க. உங்க நாய் எந்த ரகம்னு தெரிஞ்சுக்க ஒரு சுலப வழி இருக்கு. பழைய ஹென்ட்போன ஒன்ன கேஜ் தெரியிற மாதிரி வச்சு வீடியோ கால் போட்டுட்டு வெளிய போங்க, சீனர் கடையில ஒரு கோப்பி ஓ குடிக்கிற நேரம் போதும். டைகர் கேட்டு சத்தம் கேட்டதும் தலைய தூக்கிப் பாத்துச்சு, கொஞ்ச நேரம் மொனகுச்சு, அப்புறம் தாடைய கால் மேல வச்சுக்கிட்டு படுத்துருச்சு. அதப் பாத்ததுக்கு அப்புறம்தான் நான் கொஞ்சம் தூரமா போவ ஆரம்பிச்சேன்.

எவ்ளோ நேரம் வைக்கலாம்? வளந்த ஆரோக்கியமான நாயா இருந்தா பகல்ல நாலு மணி நேரம், ரொம்ப போனா அஞ்சாறு, அதுவும் முன்னால நல்லா நடந்து வயித்த காலி பண்ணிட்டு வந்த நாய்க்கு. ராத்திரி தூங்குற நேரம் அதவிட கூட போவும், வீடே தூங்குது அதுவும் தூங்கும். நான் ஷிப்ட் வேலை, வீட்டுக்காரி ஆபிஸ், ஆனா அம்மா வீட்ல இருக்கிறதால டைகருக்கு தேவை வர்ற அரை மணி ஒரு மணி நேரம்தான். வீட்ல ஆளே இல்லாத குடும்பம்னா கேஜ விட ஒரு ரூம ஒழிச்சுக் குடுத்து பேபி கேட் போடுறதுதான் நியாயம். இந்த நாட்டுல 2015ல வந்த விலங்கு நலச் சட்டம்னு ஒன்னு இருக்கு, கொடுமைப்படுத்துனதா நிரூபணமானா அபராதம் கொறைஞ்சதே 20,000 வெள்ளி (ரிங்கிட்), கூடப்போனா ஒரு லட்சம், ஜெயிலும் உண்டு. சட்டத்துக்கு பயந்து நாய் வளக்க வேணாம், சும்மா தெரிஞ்சு வச்சுக்கங்க.

இன்னும் ரெண்டு விசயம். உள்ள போவும்போது கழுத்துப் பட்டைய கழட்டிருங்க, லைசன்ஸ் தகடு கம்பியில மாட்டி கழுத்து இறுகி செத்த நாய்ங்க உண்டு. அப்புறம், செருப்ப கடிச்சிருச்சு, சோபாவுல ஏறிருச்சுன்னு கோவத்துல கேஜ்ல தள்ளக்கூடாது. எங்க வீட்ல மக ஒரு தடவ "போ உள்ள!"ன்னு அதட்டுனதுக்கு அம்மா அவள அதட்டுன அதட்டுல அதுக்கப்புறம் யாரும் வாயத் தெறக்கல.

தீபாவளிக்கும் சீனப் பெருநாளைக்கும் பட்டாசு வெடிக்கிறப்ப என்ன செய்யிறதுன்னு கேப்பீங்க. கேஜ மூனு பக்கமும் தடிச்ச பெட்ஷீட்டால மூடுவோம், ஒரு பக்கம் காத்துக்கு விட்டுருவோம், டிவி சத்தத்த கூட்டி காத்தாடிய போட்டுருவோம். கதவு மட்டும் தெறந்தே இருக்கும். பயந்த நாய பூட்டி வச்சா கேஜோட அந்த பயமும் ஒட்டிக்கும், நாம இத்தன நாள் பட்ட பாடு வீணா போயிரும். அது விருப்பம்னா உள்ள போவட்டும், கட்டிலுக்கு அடியிலதான் வசதின்னா அங்கயே கெடக்கட்டும். உண்மையச் சொன்னா டைகர் பட்டாசுக்கு கேஜுக்குள்ள போவும், இடிக்கு மட்டும் இன்னும் அம்மா கட்டிலுக்கு அடியிலதான்.

இவ்ளோ பாடு பட்டதுக்கு என்ன பலன்னு கேட்டா, எங்களுக்கு அது போன மழைக்காலத்துல தெரிஞ்சுச்சு. கேட்டு தெறந்த நேரத்துல ரோட்டுக்கு ஓடுன டைகர ஒரு மோட்டார் சைக்கிளு இடிச்சிட்டுப் போயிருச்சு. பின்னால எழுந்திரிக்க முடியல. ரவாங் பக்கம் கிளினிக்குக்கு தூக்கிட்டுப் போனோம், எக்ஸ்ரே எடுத்தா இடுப்பெலும்பு ஒடைஞ்சிருக்கு. இடுப்பெலும்பு ஒரு வளையம் மாதிரி இருக்கிறதால ஒரு எடத்துல மட்டும் ஒடையிறது அபூர்வமாம், டைகருக்கும் ஒரு எடத்தோட நிக்கல. டாக்டர் மொதல்ல ஒன்னுக்குப் போவுதான்னுதான் பாத்தாங்க, இந்த மாதிரி அடியில மூத்திரப்பை கிழிஞ்சிருக்க வாய்ப்பு உண்டு. அது நல்லா இருந்துச்சு, இடுப்பு மூட்டும் தப்பிச்சிருந்துச்சு, சுத்தி தடிச்ச சதை இருக்கிறதால இந்த மாதிரி ஒடைவு ஆபரேசன் இல்லாமலே கூடும், ஆனா ஆறுல இருந்து எட்டு வாரம் கேஜ் ரெஸ்ட், குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது, ஒன்னுக்கு ரெண்டுக்கு மட்டும் வெளிய, அதுவும் வயித்துக்கு அடியில ஒரு துண்ட குடுத்து பின்பக்கத்த தூக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் போவணும்னாங்க.

கேக்க சுலபமா இருக்கும். கேஜே பாக்காத நாய், அதுவும் வலியோட, அத்தன வாரம் உள்ள கெடக்கணும்னா எப்படி இருக்கும்? ரெஸ்டுக்குன்னு அடைச்சா அது பாட்டுக்கு மோதி, பறண்டி, ஒடைஞ்ச எலும்ப இன்னும் நகத்திக்கும். டாக்டர் கேஜ்ன்னு சொன்னதும் வீட்டுக்காரி என்னைய பாத்தா, நான் அவளப் பாத்தேன். வீட்டுக்கு வந்து தூக்கி உள்ள வச்சோம், சாரோங்க மோந்து பாத்துட்டு பெருமூச்சு விட்டு படுத்துருச்சு. சும்மா கெடந்து அலுத்துப் போவாம இருக்க ரப்பர் தீனிப் பொம்மைக்குள்ள சோத்தையும் கோழியையும் பிசைஞ்சு அடைச்சு ஐஸ்பெட்டில வச்சு குடுப்போம், நக்கி நக்கி காலி பண்ண நேரமாவும், அப்படி நக்குறது நாயோட பதட்டத்த கொஞ்சம் கொறைக்கும். ஹால் மார்பிள் தரையில பின்னங்கால் வழுக்கும்னு வாசல் வரைக்கும் யோகா மேட்ட விரிச்சோம். அம்மா சீரியல் நேரத்துல நாக்காலிய இன்னும் கிட்ட போட்டுக்கிட்டாங்க. இப்ப நடக்குது, கொஞ்சம் சாய்ஞ்ச நடை, ஆனா ஓடுது.

பழைய கேஜ் வாங்குறதுல தப்பே இல்ல, புதுசு நூத்தி சொச்சம் வெள்ளிக்கு மேல போவும், பாதி வெலைக்கு நெறைய பேரு விக்கிறாங்க. ஆனா வாங்குனதும் அப்படியே உள்ள நாய விடாதீங்க. நாய்க்கு கடுமையா வயித்தால போக வைக்கிற பார்வோ கிருமி மாசக்கணக்கா சாமான்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், சாதாரண சோப்புக்கு சாவாது. மொதல்ல அழுக்கு போவ கழுவிட்டு, ஒரு பங்கு குளோரோக்ஸுக்கு (பிளீச்) முப்பது பங்கு தண்ணி கலந்து பத்து நிமிசம் ஊறவிட்டு, நல்லா அலசி வெயில்ல காயப்போடுங்க. கம்பி மடங்குற எடத்துல, தட்டு விளிம்புல உண்ணி முட்டை விட்டு வச்சிருக்கும், பழைய டூத்பிரஷ்ஷால தேச்சாத்தான் வரும்.

இப்ப எங்க கேஜுக்கு ஒரு புது கிராக்கி வந்திருக்கு. பெரியம்மா, இன்னும் தோட்டத்து வீட்லதான் இருக்காங்க, அவங்க நாய்க்கு கருத்தடை ஆபரேசன் வச்சிருக்கு, அதுக்கப்புறம் பத்து பன்னெண்டு நாளாவது ஓடாம குதிக்காம பாத்துக்கணும். அம்மா போன்ல பெரியம்மாவுக்கு பாடம் எடுக்குறாங்க, "அக்கா, தள்ளாத, அதுவா போவட்டும், ஈரல் வாங்கி வை"ன்னு, நான் பக்கத்துல உக்காந்து ஒன்னும் பேசல. ஆபரேசனுக்கு இன்னும் நாள் இருக்கு, அதனால கேஜ இப்பவே கொண்டு போயி குடுத்துட்டேன். பெரியம்மாவோட பொறுமை எனக்கு தெரியும், ரெண்டாவது நாளே நாய தூக்கிப் போட்டு சாத்திருவாங்க. அதனால கதவ கழட்டி எங்க கார் பின் சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன், நாய் தானா உள்ள போயி படுக்குற வீடியோ வந்ததும்தான் கதவு போவும்.